பெயர் வேறு, உள்ளே இருக்கும் மருந்து ஒன்றே: ஒரு மாத்திரைப் பெட்டியைப் பற்றிய பதில்

கேள்வி:

மதிப்பிற்குரிய டாக்டருக்கு, என் மாமியாருக்கு வயது 67. சர்க்கரை நோய் வந்து பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் ஊர் டாக்டர் கொடுத்த மாத்திரையைத்தான் பல வருடங்களாகக் காலையும் இரவும் சாப்பிட்டு வந்தார். அவர் கைராசிக்காரர் என்பது மாமியாரின் நம்பிக்கை. இரண்டு மாதங்களுக்கு முன் மதுரையில் ஒரு மருத்துவமனையில் காட்டியபோது வேறு இரண்டு மாத்திரைகள் எழுதிக் கொடுத்தார்கள். பழையதை நிறுத்தச் சொன்னார்களா என்பது எங்கள் யாருக்கும் சரியாக நினைவில்லை. பெயர் வேறாக இருந்ததால் மூன்றையும் கொடுத்து வருகிறேன். இவை தவிர, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் சர்க்கரை மாத்திரையும் உண்டு. மூட்டு வலி அதிகமானால் மருந்துக் கடையில் கேட்டு ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார்.

காலையில் எழுந்தவுடன் ஆறு மணிக்குக் காபியோடு எல்லா மாத்திரைகளையும் விழுங்கிவிட்டு, பூஜை முடித்து ஒன்பது மணிக்குத்தான் இட்லி சாப்பிடுவார். சனிக்கிழமை ஒரு வேளைதான் சாப்பாடு. சென்ற வாரம் விடியற்காலை மூன்று மணிக்கு உடம்பெல்லாம் வியர்த்துப் பேச்சு குழறியது. வீட்டுக் கருவியில் பார்த்தால் 54. சீனித் தண்ணீர் கொடுத்தோம். தெளிய முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. மறுநாள் ரத்தப் பரிசோதனை செய்ததில் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 6.3, கிரியாட்டினின் 1.4. சராசரி நன்றாக இருக்கிறது என்று மகிழ்வதா, ராத்திரி நடந்ததை நினைத்துப் பயப்படுவதா? கூட்டு மாத்திரை கூடாது, தனித்தனி மாத்திரைதான் நல்லது என்கிறார் என் கணவரின் அண்ணன். மாத்திரையால்தான் கிட்னி கெட்டது என்கிறார் மாமியார். மாத்திரை அட்டைகளின் படங்களை இணைத்திருக்கிறேன்.

– ஒரு வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் கைக்கு வந்த அன்றே தொலைபேசியில் அழைத்து இரண்டு விஷயங்களைச் சொன்னேன். பழைய அட்டையையும் வீட்டுக்கு வரும் மாத்திரையையும் அன்றிரவே நிறுத்தி வையுங்கள். மறுநாள் காலை எல்லா அட்டைகளோடும் பரிசோதனை அறிக்கையோடும் மருத்துவரைப் பாருங்கள் என்று. இப்படிப்பட்ட கடிதத்துக்குப் பதில் வெளியாகும் நாள்வரை காத்திருக்க முடியாது. ஆனால் காரணங்களை அன்று விளக்க நேரமில்லை. உங்கள் வீட்டு மாத்திரைப் பெட்டியைப் போன்ற பெட்டிகள் பல வீடுகளில் இருக்கின்றன என்பதால் அவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அட்டைகளின் பின்பக்கம். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதைப் பார்த்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்களும் அவற்றுக்கு எதிரே இருக்கும் மில்லிகிராம் எண்ணும்தான் விஷயம். நீங்கள் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பழைய மாத்திரையில் கிளிமிபிரைடு 2 மி.கி., மெட்ஃபார்மின் 500 மி.கி. மதுரையில் எழுதிய முதல் மாத்திரையில் கிளிமிபிரைடு 2 மி.கி., மெட்ஃபார்மின் 500 மி.கி., இவற்றோடு வோக்ளிபோஸ் 0.2 மி.கி. அதாவது அந்த மருத்துவர் பழைய மாத்திரையை அப்படியே வைத்துக்கொண்டு மூன்றாவதாக ஒரு மருந்தைச் சேர்த்திருக்கிறார். பழையதற்குப் பதிலாக இது என்பதுதான் அவர் எண்ணம். வாயால் சொல்லியிருக்கலாம், சீட்டில் எழுதவில்லை. மருந்துச் சீட்டில் புதிதாகச் சேர்ப்பதை எழுதும் நாங்கள், எதை நிறுத்த வேண்டும் என்பதை எழுதத் தவறுகிறோம். இது எங்கள் தொழிலில் உள்ள பொதுவான குறை. உங்கள் மேல் தவறில்லை. வீட்டுக்கு வந்த மாத்திரை தனி மெட்ஃபார்மின் 500. கொண்டுவந்து தரும் தன்னார்வலர் தம் கையில் உள்ள பட்டியல்படிதான் கொடுப்பார். மதுரையில் என்ன எழுதினார்கள் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இப்போது கூட்டிப் பாருங்கள். பழையது காலையும் இரவும், புதியது காலையும் இரவும், தனி மெட்ஃபார்மின் காலையும் இரவும். ஒரு நாளைக்குக் கிளிமிபிரைடு 8 மி.கி.; மெட்ஃபார்மின் 3000 மி.கி. கிளிமிபிரைடை வயதானவர்களுக்கு 1 மி.கி.யில் தொடங்குவோம். பெரும்பாலானவர்களுக்கு 4-க்கு மேல் போவதில் பெரிய பலன் கிடையாது. மெதுவாகக் கரையும் வகை மெட்ஃபார்மினுக்கு நாளைக்கு 2000 மி.கி.தான் வரம்பு, அதுவும் சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்கு. உங்கள் மாமியாருக்கு அது நன்றாக இல்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

விடியற்காலை மூன்று மணிக்கு நடந்தது இந்தக் கணக்கின் விளைவு. கிளிமிபிரைடு கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லி விரட்டும் மருந்து. சாப்பிட்டீர்களா, இல்லையா என்று அது பார்க்காது. இரவு எட்டு மணிக்கு இரண்டு இட்லியோடு 4 மி.கி. உள்ளே போனால், விடியும் முன் சர்க்கரை சரிவதில் ஆச்சரியம் இல்லை. மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின், சிட்டாகிளிப்டின், வோக்ளிபோஸ் போன்றவை தனியாக இருந்தால் அவ்வளவு எளிதில் தாழ்சர்க்கரையை உண்டாக்குவதில்லை. ஆகவே எந்த அட்டையைக் கையில் எடுத்தாலும் முதலில் தேட வேண்டியது கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு, கிளிபென்கிளமைடு ஆகிய மூன்று பெயர்களில் ஒன்று இருக்கிறதா என்பதைத்தான். கிளிபென்கிளமைடின் வேகம் நீண்ட நேரம் நிற்கும். வயதானவர்களுக்கு அது வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கூட்டு மாத்திரைகளின் பெயருக்குப் பின்னால் 1, 2 என்று வரும் எண் பெரும்பாலும் கிளிமிபிரைடின் அளவைத்தான் குறிக்கும். 'ஃபோர்ட்' என்று ஒட்டு இருந்தால் மெட்ஃபார்மின் 1000 ஆக இருக்க வாய்ப்பு அதிகம். கடையில் 'ஒன்று இல்லை, இரண்டு இருக்கிறது, அதே கம்பெனிதான்' என்று சொல்லிக் கொடுத்தால் வாங்காதீர்கள். அந்த ஒரு எண்ணில் மருந்து இரட்டிப்பாகிறது.

அடுத்தது சீனித் தண்ணீர். முக்கால் மணி நேரம் தெளியவில்லை என்று நீங்கள் எழுதியிருந்ததைப் படித்ததும், மூன்றாவது மருந்து எது என்று அட்டையைப் பார்ப்பதற்கு முன்பே ஊகித்துவிட்டேன். வோக்ளிபோஸின் வேலையே அதுதான். நாம் சாப்பிடும் மாவுப் பொருளையும் சீனியையும் சிறுகுடலில் குளுக்கோஸாக உடைக்கும் நொதிகளை அது தடுத்து வைக்கிறது. சோறு சாப்பிட்டதும் சர்க்கரை எகிறாமல் இருக்க இது நல்ல வழி. ஆனால் சீனி என்பது குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் பிணைந்த பொருள். அந்தப் பிணைப்பை உடைத்தால்தான் ரத்தத்தில் ஏறும். உடைக்கும் நொதி கட்டிப்போடப்பட்டிருக்கும்போது சீனித் தண்ணீர், மிட்டாய், சர்பத், அதிரசம் எல்லாம் வயிற்றில் கிடந்து காலம் கடத்தும். அகார்போஸ் எடுப்பவர்களுக்கும் இதே கதைதான். ஆகவே இந்த இரண்டு பெயர்களில் ஒன்று மாத்திரையில் இருந்தால், வீட்டில் குளுக்கோஸ் பொடி இருந்தே ஆக வேண்டும். ஆரஞ்சு, எலுமிச்சை என்று வாசனை சேர்த்த வகைகளில் சீனியும் கலந்திருக்கலாம். வெறும் குளுக்கோஸையே கேட்டு வாங்குங்கள். சர்க்கரை 70-க்குக் கீழே போனால் மூன்று தேக்கரண்டி குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். ஏறவில்லையென்றால் இன்னொரு முறை. ஏறிய பிறகு ஏதாவது சாப்பிடச் சொல்லுங்கள். பொட்டலம் சமையலறை அலமாரியின் மேல் தட்டில் ஒளிந்திருக்கக் கூடாது. படுக்கைக்கு அருகில் இருக்கட்டும்.

நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு 108-ஐ அழையுங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிளிமிபிரைடால் வந்த தாழ்சர்க்கரை, ஒரு முறை தெளிந்தாலும் சில மணி நேரம் கழித்து மீண்டும் வரலாம். சிறுநீரகம் தளர்ந்த வயதானவர்களுக்கு ஒரு நாள் முழுக்கக்கூட அந்த ஆபத்து உண்டு. அன்று விடியற்காலை தெளிந்ததும் எல்லோரும் படுத்துவிட்டதாக எழுதவில்லை என்றாலும், அப்படித்தான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். இனி அப்படி நடந்தால் தெளிந்த பிறகும் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். பேச்சு குழறும் அளவுக்குப் போனதை வீட்டிலேயே முடித்துக்கொள்ளக் கூடாது.

சராசரி 6.3 பற்றி. மகிழ வேண்டாம். மூன்று மாதச் சராசரியில் இரவில் 54 வரை இறங்கியதும் சேர்ந்துதான் கணக்காகிறது. பதினான்கு ஆண்டு நோயும் 67 வயதும் தளர்ந்த சிறுநீரகமும் உள்ள ஒருவருக்கு 7-க்கும் 8-க்கும் இடையில் எங்காவது இருந்தால் எனக்குப் போதும். அதைவிடக் கீழே இழுக்க முயல்வது விழுவதற்கும் எலும்பு முறிவதற்கும் இதயத் துடிப்பு கெடுவதற்கும் வழி செய்வதாக முடியும். 'சுகர் நார்மல்' என்று அறிக்கையில் வந்ததை அக்கம்பக்கத்தில் சொல்லிப் பெருமைப்படும் வழக்கம் நம்மிடம் உண்டு. எந்த மருந்தால், எத்தனை தாழ்சர்க்கரைக்குப் பிறகு நார்மல் என்று கேட்பவர் குறைவு.

இனி கிரியாட்டினின். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுப் பொருள் அது. 1.4 என்பதைப் பார்த்து 'கொஞ்சம்தான் கூடியிருக்கிறது' என்று விட்டுவிடுவார்கள். அந்த எண்ணோடு வயதையும் பாலினத்தையும் சேர்த்துச் சிறுநீரகம் வடிகட்டும் திறனைக் கணக்கிட வேண்டும். 67 வயதுப் பெண்ணுக்கு 1.4 என்றால் அந்தத் திறன் ஏறக்குறைய 41 வரும். இளம் வயதில் 90-க்கு மேல் இருக்கும். பல பரிசோதனைக் கூடங்கள் இப்போது இதை 'இ-ஜி.எஃப்.ஆர்.' என்று அறிக்கையிலேயே அச்சிடுகின்றன. இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். சர்க்கரை மாத்திரைகளின் அளவை முடிவு செய்வதில் கிரியாட்டினினைவிட இந்த எண்ணே முக்கியம். இது 45-க்குக் கீழே போனால் மெட்ஃபார்மினைப் பாதியாகக் குறைத்து நாளைக்கு 1000 மி.கி.க்குள் வைக்கிறோம். 30-க்குக் கீழே போனால் நிறுத்திவிடுகிறோம். உங்கள் மாமியார் சாப்பிட்டது அவருக்கு ஆகும் அளவைப்போல மூன்று மடங்கு.

மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. சிறுநீரகம் வேறு காரணத்தால் தளர்ந்தால், வெளியேற வேண்டிய மெட்ஃபார்மின் உடம்பிலேயே தேங்கும்; அளவுக்கு மீறித் தேங்கினால் ரத்தத்தில் லாக்டிக் அமிலம் கூடும் அபாயம் உண்டு. அரிது, ஆனால் உயிருக்கு ஆபத்தானது. ஆகவே மாமியாரின் குற்றச்சாட்டு தவறான மாத்திரையின் மேல் விழுந்திருக்கிறது. நான் சந்தேகப்படுவது மூட்டு வலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் அந்த மாத்திரையை. படத்தில் அந்த அட்டையும் இருந்தது: அசிக்ளோஃபினாக். அதுவும் ஒரு கூட்டு மாத்திரைதான். உடன் பாராசிட்டமால் இருக்கிறது. இந்த வகை வலி நிவாரணிகள் சிறுநீரகத்துக்குள் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கின்றன. சர்க்கரையும் வயதும் ஏற்கெனவே செய்திருக்கும் சேதத்தின் மேல் இதுவும் சேர்கிறது. வலிக்குத் தனிப் பாராசிட்டமாலும் தொடைத் தசைக்கான பயிற்சியும் போதுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். வலி மாத்திரையை நிறுத்திய சில வாரங்களில் கிரியாட்டினினைத் திரும்பப் பாருங்கள். கொஞ்சம் இறங்கினாலும் இறங்கலாம். சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் போகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். ஒரே ஒரு பரிசோதனையை வைத்துச் 'சிறுநீரக நோயாளி' என்று யாரும் முத்திரை குத்த வேண்டாம். குறைந்தது மூன்று மாதம் அந்த நிலை நீடித்தால்தான் அப்படிச் சொல்வோம்.

மதுரையில் எழுதிய இரண்டாவது மாத்திரைக்கு வருகிறேன். அதில் டாபாகிளிஃப்ளோசின் 10 மி.கி., சிட்டாகிளிப்டின் 100 மி.கி. இரண்டும் நல்ல மருந்துகள். முன்பு இவை இரண்டும் விலை உயர்ந்தவையாக இருந்தன. டாபாகிளிஃப்ளோசினுக்கு இந்தியாவில் காப்புரிமை 2020-லும் சிட்டாகிளிப்டினுக்கு 2022-லும் முடிந்தது. அதன் பிறகு ஏராளமான கம்பெனிகள் இவற்றைத் தனியாகவும் சேர்த்தும் செய்யத் தொடங்கின. விலை இறங்கியது நல்லது. கூடவே கடைகளில் புதுப்புதுப் பெயர்கள் குவிந்ததும், ஒரே மருந்தை இரண்டு பெயரில் விழுங்குகிறவர்கள் பெருகியதும் அதன் மறுபக்கம்.

கூட்டு மாத்திரையா, தனித்தனியா என்ற உங்கள் மைத்துனரின் கேள்விக்கு உங்கள் வீட்டிலேயே விடை இருக்கிறது. சிறுநீரகத் திறன் 45-க்குக் கீழே இருந்தால் சிட்டாகிளிப்டினை 50 மி.கி. ஆகக் குறைக்க வேண்டும். டாபாகிளிஃப்ளோசினைக் குறைக்கத் தேவையில்லை. சிறுநீரகம் மேலும் தளராமல் காப்பதே அதன் பெரிய நன்மை. ஒன்றைக் குறைத்து மற்றொன்றை அப்படியே வைக்க இந்த மாத்திரையில் வழியில்லை. உப்பையும் சேர்த்து அரைத்த பொடியில் சமைப்பதைப் போன்றது இது. காரம் சரியாக இருந்து உப்பு மட்டும் கூடினால் பிரித்தெடுக்க முடியாது. மருத்துவர் இரண்டையும் தனியாக எழுதலாம். அல்லது சிட்டாகிளிப்டினுக்குப் பதில், சிறுநீரகத்துக்காக அளவு மாற்றத் தேவையில்லாத லினாகிளிப்டினைத் தேர்ந்தெடுக்கலாம். அவர் சீட்டு எழுதியபோது இந்தக் கிரியாட்டினின் அறிக்கை இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

என் கருத்து இது. நாற்பது வயதில், வேளை தவறாமல் சாப்பிட்டு வேலைக்குப் போகிறவருக்கு, அளவுகள் நிலைத்த பிறகு, கூட்டு மாத்திரை வசதி. எண்ணிக்கை குறைந்தால் மறதி குறையும், செலவும் பெரும்பாலும் குறையும். மெட்ஃபார்மினோடு, சிட்டாகிளிப்டின் போன்ற கிளிப்டின் வகை ஒன்று சேர்ந்த மாத்திரையை நான் தயங்காமல் எழுதுவேன். ஆனால் வயதான, பசி ஒரு நாள் போல் ஒரு நாள் இல்லாத, விரதம் இருக்கும் ஒருவருக்குக் கிளிமிபிரைடை மற்ற எதோடும் பூட்டி வைக்கக் கூடாது. இன்றைக்கு வேண்டாம் என்று எடுத்து வைக்க முடிய வேண்டிய மாத்திரை அது. கூட்டு மாத்திரை என்றாலே மோசடி என்று எண்ணவும் வேண்டாம். பொருத்தமில்லாத கூட்டுகள் சந்தையில் இருந்தது உண்மை. மத்திய அரசு 2018 செப்டம்பரில் தடை செய்த 328 கூட்டு மருந்துகளில் சர்க்கரை மாத்திரைகள் சிலவும் இருந்தன. அதற்காக எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

நேரம். ஆறு மணிக்கு மாத்திரை, ஒன்பது மணிக்கு இட்லி என்பது கிளிமிபிரைடு சாப்பிடுகிறவர்களுக்கு அபாயமான பழக்கம். 'சாப்பாட்டுக்கு முன்' என்று சீட்டில் எழுதியிருப்பதை மூன்று மணி நேரத்துக்கு முன் என்று நீட்டிக்க வேண்டாம். தட்டில் இட்லி விழுந்த பிறகு, உட்கார்ந்த இடத்திலேயே மாத்திரையை விழுங்கிவிட்டு முதல் வாயை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். வோக்ளிபோஸும் முதல் வாயோடு இருந்தால்தான் வேலை செய்யும். சாப்பிட்டு முடித்து அரை மணி கழித்துப் போட்டால் வீண். தனி மெட்ஃபார்மினைச் சாப்பாட்டோடு அல்லது முடிந்தவுடன் எடுத்தால் வயிற்றுப் புரட்டல் குறையும். டாபாகிளிஃப்ளோசினுக்கும் கிளிப்டின்களுக்கும் சாப்பாட்டோடு சம்பந்தமில்லை. காலையில் ஒரே நேரத்தில் எடுத்தால் சரி. பூஜை முடியாமல் தண்ணீரைத் தவிர எதுவும் சாப்பிட மாட்டார் என்றால் மாத்திரையும் பூஜைக்குப் பிறகுதான். சாமி கோபித்துக்கொள்ளாது.

மெட்ஃபார்மின் 'எஸ்.ஆர்.' அல்லது 'எக்ஸ்.ஆர்.' என்று இருந்தால் மென்றோ இடித்தோ கொடுக்கக் கூடாது. மெதுவாகக் கரைய வேண்டியது ஒரேயடியாகக் கரைந்துவிடும். விழுங்கக் கஷ்டம் என்றால் மருத்துவரிடம் சொன்னால் வேறு வகை எழுதுவார். மலத்தில் மாத்திரையின் கூடு போன்ற ஒன்று தென்பட்டால் பதற வேண்டாம். மருந்து இறங்கிய வெறும் ஓடு அது. ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடக் கூடாது.

சனிக்கிழமை விரதத்தை விடச் சொன்னால் உங்கள் மாமியார் என் பதிலையே ஒதுக்கிவிடுவார் என்று தெரியும். ஆனால் விரத நாளில் மாத்திரைப் பட்டியல் வேறாக இருக்க வேண்டும். சாப்பிடாத வேளைக்குக் கிளிமிபிரைடும் வோக்ளிபோஸும் கிடையாது. சாப்பிடும் அந்த ஒரு வேளையோடு எது, எவ்வளவு என்பதை மருத்துவர் முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். தண்ணீரும் குடிக்காத விரதம் என்றால் டாபாகிளிஃப்ளோசினையும் அன்று நிறுத்தும்படி சொல்வார்கள். அது சிறுநீர் வழியாகச் சர்க்கரையையும் தண்ணீரையும் வெளியேற்றுவதால் உடம்பு வறண்டுபோகும். ரமலான் நோன்பு இருப்பவர்கள் மாதம் பிறப்பதற்குப் பல வாரங்கள் முன்பே மருத்துவரைப் பார்த்து, மாத்திரைகளை இஃப்தாருக்கும் சஹருக்கும் ஏற்ப மாற்றிக்கொள்வது நல்லது. எந்த விரதமானாலும் சர்க்கரை 70-க்குக் கீழே போனால் அந்த நிமிடமே முடித்துக்கொள்ள வேண்டும்.

வாந்தி, வயிற்றுப்போக்கு, சாப்பிட முடியாத காய்ச்சல் வந்த நாள்களில் மெட்ஃபார்மினையும் டாபாகிளிஃப்ளோசினையும் நிறுத்தி வைத்துவிட்டு மருத்துவருக்குத் தகவல் சொல்லுங்கள். சாப்பிடவே இல்லையென்றால் கிளிமிபிரைடும் வேண்டாம். இயல்பாகச் சாப்பிடத் தொடங்கி ஓரிரு நாளில் மீண்டும் ஆரம்பிக்கலாம். மூட்டு மாற்று அறுவை சிகிச்சை என்று பேச்சு வந்தால் டாபாகிளிஃப்ளோசினை மூன்று நாள் முன்னதாக நிறுத்த வேண்டும் என்பதை நீங்களே நினைவுபடுத்துங்கள். சாயம் ஏற்றி ஸ்கேன் எடுப்பதாக இருந்தால் மெட்ஃபார்மின் எடுப்பதைச் சொல்லுங்கள்.

டாபாகிளிஃப்ளோசினில் இன்னொரு சங்கதி உண்டு. ரத்தத்தில் சர்க்கரை 180, 200 என்று சாதாரணமாகத் தெரியும்போதே உடம்பில் கீட்டோன் அமிலம் சேரக்கூடும். அரிதாக நடப்பதுதான். விடாத வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குதல் என்று வந்து, 'சுகர் பெரிதாக இல்லையே' என்று யாராவது திருப்பி அனுப்பப் பார்த்தால், இந்த மாத்திரையின் பெயரைச் சொல்லிக் கீட்டோன் பார்க்கச் சொல்லுங்கள். பிறப்புறுப்பில் அரிப்பும் வெள்ளைப் படிவும் வருவது இதைவிடச் சாதாரணம். எளிதில் குணமாகும். ஆனால் நம் வீட்டுப் பெரியவர்கள் இதை மகனிடம் சொல்ல மாட்டார்கள். மருமகளாகிய நீங்கள் கேட்டால் சொல்லக்கூடும். சிறுநீரில் சர்க்கரை 'ப்ளஸ்' என்று அறிக்கை வந்தால் பயம் வேண்டாம். இந்த மாத்திரை வேலை செய்கிறது என்பதுதான் அதற்குப் பொருள்.

பல வருடங்கள் மெட்ஃபார்மின் எடுத்தவர்களுக்கு பி12 வைட்டமின் குறையும். உள்ளங்கால் எரிச்சலைச் 'சர்க்கரை நரம்பு' என்று முடிவு கட்டும் முன் அதை ஒரு முறை பார்த்துவிடுங்கள். பாகற்காய்ச் சாறு, வெந்தயப் பொடி, 'பக்க விளைவே இல்லாத' சூரணம் ஏதாவது எடுத்துக்கொண்டிருந்தால் அதையும் மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். கிளிமிபிரைடோடு சேர்ந்து அவையும் சர்க்கரையை இறக்கலாம். தோல் படைக்குக் கொடுக்கும் ஃப்ளூகோனசோல் போன்ற பூஞ்சை மருந்தும், சில ஆன்டிபயாட்டிக்குகளும் கிளிமிபிரைடின் வேகத்தைக் கூட்டும். வேறு எந்த டாக்டரிடம் எதற்குப் போனாலும் சர்க்கரை மாத்திரைப் பட்டியலோடு போங்கள்.

அந்தப் பட்டியலை எப்படித் தயாரிப்பது? வீட்டில் உள்ள எல்லா அட்டைகளையும், தைலப் புட்டிக்குப் பின்னால் கிடப்பவை உட்பட, மேசையில் கொட்டுங்கள். ஒரு தாளில் இடப்பக்கம் கம்பெனிப் பெயர், நடுவில் உள்ளே இருக்கும் மருந்துகளும் மில்லிகிராமும், வலப்பக்கம் காலை, மதியம், இரவு. ஒரே மருந்து இரண்டு வரியில் வந்தால் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். உங்கள் மாமியார் நிறத்தை வைத்து, ரோஸ் மாத்திரை, வெள்ளை மாத்திரை என்றுதான் அடையாளம் சொல்கிறார் என்று போனில் சொன்னீர்கள். கம்பெனி மாறினால் நிறமும் மாறும். ஒவ்வொரு நிறத்துக்கும் எதிரே மருந்தின் பெயரைத் தமிழில் பெரிதாக எழுதி பெட்டி மூடியில் ஒட்டுங்கள். கடையில் பத்து மாத்திரை கேட்டால் கத்தரித்துக் கொடுப்பார்கள். மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் உள்ள பகுதி உங்களுக்கு வரும்படி வெட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் முழு அட்டையாக வாங்குங்கள். மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம் போன்றவற்றில் மருந்துப் பெயரிலேயே கிடைக்கும். விலையும் குறைவு, என்ன சாப்பிடுகிறோம் என்பதும் தெரியும். ஆனால் அங்கே வாங்கத் தொடங்கிய அன்றே பழைய அட்டையை வீட்டை விட்டு அப்புறப்படுத்துங்கள்.

பட்டியலை எடுத்துக்கொண்டு உங்கள் ஊர் டாக்டரிடமே போகலாம். மாமியாருக்கு நம்பிக்கை உள்ள இடம் அது. 'பழையதை நிறுத்துங்கள்' என்று டாக்டர் வாயால் கேட்டால்தான் மாமியார் நிறுத்துவார். மதுரைச் சீட்டையும் காட்டி, இனி யாருடைய பட்டியல் செல்லும் என்பதை டாக்டரையே முடிவு செய்யச் சொல்லுங்கள். இரவு வேளைக்குக் கிளிமிபிரைடு தேவையா என்ற கேள்வியை மறக்காமல் கேளுங்கள். தேவையில்லை என்பது என் கணிப்பு, நேரில் பார்க்கிறவர் முடிவே இறுதி. வீட்டுக்கு வரும் தன்னார்வலரிடம் புதிய பட்டியலின் நகலைக் கொடுத்து, மெட்ஃபார்மின் இனி எவ்வளவு என்பதைப் பதிவேட்டில் திருத்தச் சொல்லுங்கள்.

மாத்திரைகள் மாறிய பிறகு இரண்டு வாரம் காலை வெறும் வயிற்றிலும், காலைச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்தும், இரவு படுக்கும் முன்னும் அளந்து தேதியோடு எழுதி வையுங்கள். முதல் சில நாள்கள் விடியற்காலை மூன்று மணிக்கும் ஒரு முறை பாருங்கள். இதுவரை இருந்ததைவிட எண்கள் உயரும். 160, 170 என்று வந்தால் பழைய அட்டையைத் தேடிப் போக வேண்டாம். 300-ஐத் தாண்டினாலோ, ஒரு முறையேனும் 70-க்குக் கீழே போனாலோ அன்றே டாக்டரை அழையுங்கள்.